ஆக்சிஜனேற்றமும் கண்புரையும்: வைட்டமின் மாத்திரை உதவுமா?

புறநோயாளிப் பிரிவில் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழும்போது, நோயாளியுடன் வந்தவர் சற்றுத் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, அம்மாவுக்குக் கண்ணில் புரை என்று சொல்லிவிட்டீர்கள். ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுத்தால் அது கரைந்துவிடும் என்கிறார்களே, வாங்கிக் கொடுக்கலாமா?" கேட்காமல் போகிறவர்களும் உண்டு. அவர்களில் சிலருடைய கைப்பையில் அந்த மாத்திரை அட்டை ஏற்கெனவே இருக்கும். சில மாதங்கள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பார்வை மேலும் மங்கிய பிறகுதான் மறுபடி வருவார்கள்.

கேள்வி நியாயமானது. மூப்பு, கண்புரை, மாரடைப்பு, புற்றுநோய் ஆகிய பலவற்றிலும் ஆக்சிஜனேற்றத்திற்குப் பங்கு உண்டு என்று பாடநூல்களே கூறுகின்றன. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளை விழுங்கினால் நோயையும் தடுக்கலாம் என்று நினைப்பது இயல்பே. மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த எண்ணம் சரிதானா என்று நேரில் சோதித்துப் பார்த்தவர்களுள் நம் மதுரை மருத்துவர்களும் அடங்குவர். அவர்கள் கண்ட விடை மதுரை மக்கள் பலருக்கே இன்னும் தெரியாது. அதைச் சொல்வதற்கு முன், ஆக்சிஜனேற்றம் என்றால் என்ன என்பதைச் சமையலறையிலிருந்தே தொடங்கலாம்.

வாழைப்பூவும் மோரும்

வாழைப்பூவையோ வாழைத்தண்டையோ நறுக்கும்போது நம் வீட்டுப் பெண்கள் அருகில் மோர் கலந்த நீரை வைத்துக்கொள்வார்கள். நறுக்கிய துண்டுகளை உடனே அதில் போடாவிட்டால் சற்று நேரத்தில் அவை கறுத்துவிடும். வெட்டுப்பட்ட இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும், தாவரத்திலுள்ள ஒரு நொதி அங்குள்ள பொருள்களை ஆக்சிஜனோடு சேரவைப்பதே கறுப்புக்குக் காரணம். மோரின் புளிப்பு அந்த நொதியை மந்தப்படுத்துகிறது. நீர் காற்றை விலக்குகிறது. மூடாமல் வைத்த எண்ணெய் காறல் வாடை அடிப்பதும், மழையில் கிடந்த அரிவாள் துருப்பிடிப்பதும் இதே இனத்தைச் சேர்ந்த மாற்றங்கள்தாம்.

நம் உடலுக்குள்ளும் இது நடக்கிறது. நடக்காவிட்டால் நாம் உயிரோடிருக்க முடியாது. உண்ட உணவை ஆக்சிஜனோடு சேர்த்து, அதிலிருந்து ஆற்றலைப் பெறுவதே உயிரணுக்களின் அன்றாட வேலை. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உலைகள் இதைச் செய்கின்றன. அடுப்பில் சுடர் எரியும்போது ஓரிரு தீப்பொறிகள் சிதறுவதுபோல, இங்கும் சிறு அளவில் முரட்டு மூலக்கூறுகள் சிதறுகின்றன. மின்னணு ஒன்று இணையின்றித் தனித்து நிற்கும் இவற்றை ஃப்ரீ ராடிக்கல் என்பார்கள். அந்தக் குறையை நிரப்பிக்கொள்ள அவை அருகிலுள்ள எதிலிருந்தும் மின்னணுவைப் பறிக்கும். கொழுப்பு, புரதம், மரபணு என்று பார்ப்பதில்லை. பறிகொடுத்த மூலக்கூறு தன் பங்குக்கு வேறொன்றிடம் பறிக்கும். இப்படிச் சங்கிலியாகத் தொடரும் சேதமே ஆக்சிஜனேற்றப் பாதிப்பு.

உடல் இதற்குக் காவல் வைத்திருக்கிறது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், காட்டலேஸ் என்னும் நொதிகளும், குளூட்டதயோன் என்னும் சிறிய மூலக்கூறும் அந்தக் காவலின் முன்வரிசை. இவற்றை உடலே தயாரித்துக்கொள்கிறது; எந்தக் கடையிலும் வாங்க வேண்டியதில்லை. இரண்டாம் வரிசையில்தான் உணவின் வழியாக வரும் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் முதலியவை வருகின்றன. வைட்டமின் ஈ கொழுப்புப் படலங்களில் நின்று சங்கிலியை அறுக்கிறது. அதனால் தேய்ந்த வைட்டமின் ஈயை வைட்டமின் சி மீட்டெடுக்கிறது. வைட்டமின் சியை மீட்பதற்குக் குளூட்டதயோன் உதவுகிறது. ஒன்றன் கையை ஒன்று பிடித்து நிற்கும் இந்த வரிசையில், ஒன்றை மட்டும் பத்து மடங்கு பெருக்கிவிட்டால் காவலும் பத்து மடங்கு பெருகிவிடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விளம்பரங்கள் சித்திரிப்பதுபோல ஃப்ரீ ராடிக்கல்கள் முழுமையான எதிரிகள் அல்ல. நோய்க்கிருமி நுழைந்தால் வெள்ளையணுக்கள் அதை விழுங்கி, இதே முரட்டு மூலக்கூறுகளை அதன்மேல் பாய்ச்சித்தான் கொல்கின்றன. பிறவியிலேயே இவற்றை உண்டாக்க முடியாத குழந்தைகள் அரிதாக உண்டு. அக்குழந்தைகள் சீழ்க்கட்டிகளாலும் நிமோனியாவாலும் திரும்பத் திரும்ப வாடுவதை மருத்துவர்கள் அறிவர். ஆகவே உடல் வேண்டுவது சமநிலை. அந்தச் சமநிலை குலைந்து, சேதம் காவலை மிஞ்சும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். புகையிலை, விறகடுப்பின் புகை, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, கடும் வெயில், சத்துக் குறைந்த உணவு ஆகியவை தராசை அந்தப் பக்கம் சாய்க்கின்றன.

விழிவில்லை: உடலின் பழைய ஏடு

ஆக்சிஜனேற்றத்தின் வேலையைக் கண்கூடாகக் காண விரும்பினால், கண்ணையே பார்க்க வேண்டும். விழியின் கருவட்டத்திற்குப் பின்னால், ஒரு பருப்பின் வடிவில், கண்ணாடிபோலத் தெளிந்த விழிவில்லை இருக்கிறது. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம். கிரிஸ்டலின் எனப்படும் அப்புரதங்கள் நெருக்கமாகவும் ஒழுங்காகவும் அடுக்கப்பட்டிருப்பதால்தான் ஒளி தடையின்றி ஊடுருவுகிறது.

தோலில் பழைய அணுக்கள் உதிர்ந்து புதியவை வருகின்றன. குருதியின் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள்களுக்கு ஒரு முறை மாறுகின்றன. விழிவில்லையிலோ எதுவும் உதிர்வதில்லை. புதிய இழைகள் வெளிப்புறத்தில் சேரச் சேர, பழையவை நடுவில் அழுந்திக்கொண்டே போகின்றன. எழுபது வயது மூதாட்டியின் வில்லை நடுவே இருக்கும் புரதம், அவர் தம் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவானது. அது எழுபது ஆண்டு வெயிலைக் கண்டிருக்கிறது. பழுதானால் மாற்றிப் புதிதாக்கும் வசதி அங்கில்லை. ஒளியை மறைக்கக்கூடும் என்பதால் முதிர்ந்த இழைகள் தம் உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும்கூடத் துறந்துவிட்டன.

இத்தகைய இடத்திற்கு இயற்கை வலுவான காவலை அமைத்திருக்கிறது. குளூட்டதயோன் விழிவில்லையில் மிகுந்த செறிவில் உள்ளது. வில்லையின் முன்னே உள்ள கண்நீர்மத்தில் வைட்டமின் சி, குருதியில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு செறிந்திருக்கிறது. விழியின் பின்பகுதியை நிரப்பும் கூழ்மம், வில்லையை ஆக்சிஜன் நெருங்காமல் பார்த்துக்கொள்கிறது. இது வெறும் ஊகம் அன்று. விழித்திரை அறுவைக்காக அந்தக் கூழ்மத்தை அகற்ற நேர்ந்த, ஐம்பது வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர்க்கு இரண்டு ஆண்டுகளுக்குள் புரை வளர்வதை மருத்துவர்கள் காண்கிறார்கள். நீண்ட காலம் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை பெற்றவர்களுக்கும் வில்லையின் நடுப்பகுதி மங்கியது பதிவாகியிருக்கிறது.

வயது ஏற ஏற, வெளிப்புறத்தில் உண்டாகும் குளூட்டதயோன் நடுப்பகுதிக்குச் சென்று சேர்வது குறைகிறது. காவல் தளர்ந்த அந்த நடுப்பகுதியில் புரதங்கள் ஆக்சிஜனேற்றமடைந்து ஒன்றோடொன்று பிணைந்து திரள்கின்றன. முட்டையின் தெளிந்த வெண்கரு வெந்தால் வெள்ளையாவதை நினைத்துக்கொள்ளலாம். காரணம் வேறாயினும் விளைவு ஒத்ததே: ஒழுங்காக அடுக்கியிருந்த புரதம் குலைந்து திரண்டு ஒளியைச் சிதறடிக்கிறது. அதுவே கண்புரை. வெந்த வெண்கரு மறுபடி தெளிவதில்லை என்பதையும் இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

சர்க்கரை நோயாளிகளுக்குப் புரை ஏன் முன்னதாக வருகிறது என்பதும் இதனால் விளங்கும். குருதியில் மிகுந்த குளுக்கோஸ் வில்லைக்குள்ளும் நுழைகிறது. அங்கே அது வேறொரு சர்க்கரைப் பொருளாக மாற்றப்படும்போது, குளூட்டதயோனைப் புதுப்பிப்பதற்காக வைத்திருந்த சேமிப்பு செலவாகிவிடுகிறது. சேதம் பெருகும் நேரத்திலேயே காவல் குறைகிறது.

மாத்திரையைச் சோதித்த ஆய்வு

1976இல் மதுரையில், ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தொடக்கத்திலிருந்தே கண்புரையைத் தன் முதன்மைப் பணியாகக் கொண்டது. ஊர் ஊராக முகாம் நடத்தி, பார்வை இழந்தோரை அழைத்துவந்து, அறுவை செய்து அனுப்பினார்கள். எத்தனை பேருக்கு அறுவை செய்தாலும் புதிதாகப் புரை வருவோரின் வரிசை குறைவதாக இல்லை. அறுவையைப் பெருக்குவது ஒரு வழி. புரை வருவதையே தள்ளிப்போட முடியுமா என்று பார்ப்பது இன்னொரு வழி. ஒரு மலிவான வைட்டமின் மாத்திரை அதைச் செய்யுமானால், நம் நாட்டுக்கு அதைவிடப் பெரிய வரம் இல்லை.

இந்த எண்ணத்தோடு, அம்மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் எம். சீனிவாசனும் அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் டேவிட் கிரிட்ஸும் பிற ஆய்வாளர்களும் இணைந்து தென்னிந்தியக் கிராமப்புறத்தில் ஓர் ஆய்வை நடத்தினர். 798 பேர் அதில் சேர்ந்தனர். அவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குப் பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ மூன்றும் கொடுக்கப்பட்டன. மற்றப் பிரிவுக்கு மருந்துச் சத்து ஏதுமில்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்டது. யாருக்கு எது கிடைக்கிறது என்பது உட்கொள்வோர்க்கும் தெரியாது. கண்ணைச் சோதித்த மருத்துவர்களுக்கும் தெரியாது. நம்பிக்கையும் ஆசையும் முடிவைத் திரித்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு இது. போலி மாத்திரை என்றதும் யாரோ ஏமாற்றப்பட்டதாகச் சிலர் நினைக்கக்கூடும். மெய் மாத்திரை பயன் தருமா என்பது அன்று எவருக்கும் தெரியாது. அதை அறிவதற்கு இதைவிட நேர்மையான வழி மருத்துவத்தில் இல்லை.

ஐந்து ஆண்டுகள் ஆய்வு நீடித்தது. ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொருவரின் விழிவில்லையையும் மூன்று பரிசோதகர்கள் தனித்தனியே பார்த்து, நடுப்பகுதி எவ்வளவு மங்கியிருக்கிறது, நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது, ஓரங்களிலும் பின்புறத்திலும் புரை படர்ந்திருக்கிறதா, பார்வை எவ்வளவு குறைந்திருக்கிறது என்றெல்லாம் குறித்தனர். கிராம மக்கள் மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டார்கள். சோதனைக்கும் ஒழுங்காக வந்தார்கள். இத்தகைய நீண்ட ஆய்வுகள் பல பாதியிலேயே நீர்த்துப்போவது அந்த ஒழுக்கம் இல்லாமையால்தான். அம்மக்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

2006இல் முடிவு வெளியானது. ஐந்து ஆண்டுகளில் இரு பிரிவினருக்கும் புரை வளர்ந்திருந்தது. வைட்டமின் உண்டவர்களுக்கும் போலி மாத்திரை உண்டவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அளந்த எந்த அளவுகோலிலும் இல்லை.

இந்த முடிவின் கனத்தை உணர ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளமாக உண்ணும் நாட்டில் இப்படி ஒரு முடிவு வந்திருந்தால், "அவர்களுக்கு ஏற்கெனவே சத்து போதுமானதாக இருந்தது, கூடுதலாகக் கொடுத்ததில் பயன் தெரியவில்லை" என்று சொல்லிவிடலாம். இங்கு ஆய்வில் சேர்ந்தவர்களின் உணவில் இச்சத்துகள் பொதுவாகக் குறைவு, புரையோ மிகுதி. மாத்திரையால் பயன் கிடைக்குமானால் இங்குதான் முதலில் கிடைத்திருக்க வேண்டும். பின்னர் 2012இல், பல நாடுகளில் நடந்த ஒன்பது ஆய்வுகளை, மொத்தம் 1,17,272 பேரின் விவரங்களை, ஒன்றுதிரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்விலும் இதே விடைதான் வந்தது. நம் பகுதி ஆய்வும் அந்த ஒன்பதில் ஒன்று.

அப்படியானால் உணவு எதற்கு?

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். வைட்டமின் மாத்திரையால் பயனில்லை என்றால், கீரையும் பழமும் உண்ணுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது எதற்காக?

இதற்கும் நம் நாட்டிலேயே நடந்த மற்றோர் ஆய்வு உதவுகிறது. 60 வயதும் அதற்கு மேலும் ஆன 5,638 பேரை வட இந்தியாவிலும், தெற்கே புதுச்சேரியை மையமாகக் கொண்ட பகுதியிலும் ஆராய்ந்தார்கள். குருதியில் வைட்டமின் சி கூடுதலாக இருந்தவர்களிடம் கண்புரை தெளிவாகக் குறைந்திருந்தது. 2011இல் வெளியான இந்த முடிவுகளோடு கவலைக்குரிய செய்தி ஒன்றும் வந்தது. வடக்கே ஆராயப்பட்ட முதியோரில் 74 விழுக்காட்டினருக்கும், தெற்கே 46 விழுக்காட்டினருக்கும் குருதியில் வைட்டமின் சி பற்றாக்குறை இருந்தது. வயது கூடியவர்கள், ஆண்கள், புகையிலை பயன்படுத்துவோர், விறகும் சாணமும் எரித்துச் சமைக்கும் வீட்டினர், உடல் மெலிந்தவர்கள் ஆகியோரிடம் பற்றாக்குறை மிகுதி.

இரண்டு ஆய்வுகளும் முரண்படுவதுபோலத் தோன்றினாலும் உண்மையில் முரணில்லை. வைட்டமின் சி குருதியில் நிறைந்திருப்பவர் பெரும்பாலும் பல ஆண்டுகளாகக் காயும் கனியும் உண்டு வந்தவர், புகையிலையைத் தொடாதவர், புகை சூழ்ந்த அடுப்படியில் காலத்தைக் கழிக்காதவர். குருதியிலுள்ள வைட்டமின் அளவு அந்த வாழ்க்கையின் ஓர் அடையாளம். அடையாளத்தை மட்டும் ஐந்து ஆண்டு மாத்திரையாக ஊட்டினால், ஐம்பது ஆண்டு வாழ்க்கை பின்தொடர்ந்து வந்துவிடாது. மேலும், ஒரு கொய்யாப் பழத்தில் வைட்டமின் சி மட்டுமா இருக்கிறது? நார்ச்சத்தும் கரோட்டினாய்டுகளும் பாலிபீனால்களும் ஒன்றாகக் கலந்து, உடலுக்குப் பழகிய அளவில் வருகின்றன. இவற்றில் எது எந்த அளவுக்குப் பயன் தருகிறது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. பிரிக்காமல் உண்ணும்போது அந்தக் கவலை நமக்கில்லை.

தீங்கும் நேரலாம்

"பயன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே" என்பார்கள். அதுவும் சரியன்று. 1994இல் பின்லாந்தில், புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தே அதைக் கொடுத்தார்கள். உண்டவர்களுக்கு அந்நோய் 18 விழுக்காடு கூடுதலாக வந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்போர், புகைபிடித்துவிட்டவர், கல்நார்த் தூசியில் வேலை செய்தோர் என 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏவையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் 28 விழுக்காடு கூடுதலாகக் கண்டு, 1996இல் அதை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். கேரட்டும் முருங்கைக்கீரையும் உண்டு இத்தகைய தீங்கு எவருக்கும் நேர்ந்ததில்லை. உணவில் ஒருபோதும் கிடைக்காத அளவில், தனியாகப் பிரித்து, நாள்தோறும் விழுங்கும்போதுதான் மருந்தாக எண்ணியது வேறு குணம் காட்டுகிறது.

ஆகவே பீடியோ சிகரெட்டோ பிடிப்பவர்கள், அண்மையில் விட்டவர்கள் ஆகியோர் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடவே கூடாது. புற்றுநோய்க்கு மருந்தோ கதிர்வீச்சோ பெறுபவர்கள் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லாமல் எந்த ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையையும் எடுக்கக் கூடாது; அச்சிகிச்சைகளில் பல, புற்றணுக்களை ஆக்சிஜனேற்றத்தின் வழியாகவே அழிக்கின்றன. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் சி மறுபடி கல் உண்டாக வழி செய்யும். குருதி உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் ஈயால் குருதிக்கசிவு நேரலாம். ஜி6பிடி என்னும் நொதிக்குறை உள்ளவர்களுக்கு மிகுந்த அளவு வைட்டமின் சி, சிவப்பணுக்களையே உடைத்துவிடக் கூடும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி சிதையும் நோய் ஒன்று உண்டு. அது நடுத்தர நிலையை அடைந்தவர்களுக்கு, வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம் சேர்ந்த கலவை, நோய் முற்றும் வாய்ப்பை ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைத்தது என்று 2001இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2013இல் வெளிவந்த தொடர் ஆய்வுக்குப் பின், பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக லூட்டீன், சியாசாந்தின் சேர்ந்த கலவையே பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் அதே 2001 ஆய்வில், கண்புரையை அந்தக் கலவை சிறிதும் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு விழித்திரை மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை உங்கள் தாயாரின் புரைக்கு ஏன் உதவாது என்பதற்கு இதுவே காரணம்.

நம் ஊர்ச் சந்தையில்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி நாளொன்றுக்கு ஆண்களுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதாவது, நடுத்தர அளவுள்ள ஒரு கொய்யாவில் பாதியே ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதும். நாள்தோறும் 200 மில்லிகிராமை நெருங்கும்போதே குருதியின் கொள்ளளவு ஏறத்தாழ நிறைந்துவிடும். அதற்கு மேல் விழுங்குவதில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறும். விலையுயர்ந்த மாத்திரையின் கதி பலருக்கு இதுதான். மாட்டுத்தாவணிச் சந்தையிலும் தெருவோரத் தள்ளுவண்டியிலும் பருவத்தில் குவியும் கொய்யாவையும் நெல்லிக்காயையும் விட்டுவிட்டு, கடல் கடந்து வந்த பழத்தின் பெயர் அச்சிட்ட புட்டிக்குப் பணம் கொடுப்பது வருத்தம் தருகிறது.

கீரைகளில் முருங்கை, பொன்னாங்கண்ணி, அரைக்கீரை, சிறுகீரை என்று எது கிடைத்தாலும் நன்றே. பொன்னாங்கண்ணி உண்டால் பகலிலும் விண்மீன் தெரியும் என்பது போன்ற பேச்சுகளை அன்பின் மிகையாகக் கொள்ளலாம். புரையை அது கரைக்காது, ஆயினும் கரோட்டின் தரும். கீரையை நறுக்கிய பிறகு கழுவாமல், கழுவிய பின் நறுக்கவும். வைட்டமின் சி நீரில் கரைவது, வெப்பத்தில் அழிவது. எனவே குறைந்த நீரில் சற்று நேரம் வேகவைத்தால் போதும். பச்சை நிறம் மாறாதிருக்கச் சோடா உப்புப் போடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடவும். கரோட்டின் உடலில் சேரக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும் என்பதால் தேங்காய்த் துருவலோ ஒரு கரண்டி நல்லெண்ணெயோ சேர்ப்பதில் தவறில்லை.

நல்லெண்ணெய் பற்றி ஒரு சொல். மற்ற எண்ணெய்களைவிட அது எளிதில் காறாமல் இருப்பதை நம் முன்னோர் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். எள்ளில் இயற்கையாக உள்ள செசமின், செசமோலின் போன்ற பொருள்களும், செசமோலினிலிருந்து உண்டாகும் செசமாலும் எண்ணெயை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கின்றன என்று வேதியியல் பின்னாளில் காரணம் கண்டது. ஆனால் எந்த எண்ணெயானாலும் ஒரே வாணலியில் திரும்பத் திரும்பக் கொதித்தால் ஆக்சிஜனேற்றமடைந்து தீய பொருள்கள் பெருகும். அவற்றின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி. அதை அளக்கும் கருவி நம் வீட்டில் இல்லை. எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, நுரைத்து, புகைந்தால் அதுவே போதிய எச்சரிக்கை. மாலை நேர வடையையும் பஜ்ஜியையும் அடியோடு விடச் சொல்லவில்லை. எண்ணெயின் நிறத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மேற்சொன்ன அறிவுரை அப்படியே பொருந்தாது. கீரையிலும் பழங்களிலும் உள்ள பொட்டாசியம் அவர்களுக்கு ஆபத்தாகலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் உணவியல் வல்லுநர் வகுத்த அளவை மீற வேண்டாம். வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சர்க்கரை நோயாளிகள் பழத்தைச் சாறாக்கிக் குடிக்காமல் கடித்து உண்பதே நல்லது. சற்றுக் காயான கொய்யா அவர்களுக்கும் ஏற்றது.

புரை வந்துவிட்டால்

வந்த புரையைக் கரைக்கும் மாத்திரையும் இல்லை, சொட்டு மருந்தும் இல்லை, தேனும் இல்லை. மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்துவதே வழி. பெரும்பாலும் உள்நோயாளியாகத் தங்கவேண்டிய அவசியம்கூட இல்லாத அறுவை அது. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் பிற அரசு மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. கண் முகாம்களிலும் அதற்கான ஏற்பாடு உண்டு. மாத்திரையை நம்பிக் காலம் கடத்துவதில் இரண்டு இழப்புகள் உள்ளன. மங்கிய பார்வையோடு படியிறங்கும் முதியவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது ஒன்று. புரை மிகவும் முற்றிப் பருத்துக் கண்ணின் அழுத்தத்தை உயர்த்திவிடுவது மற்றொன்று; அப்படி நரம்பு பழுதானால், பிறகு அறுவை செய்தாலும் பார்வை முழுதாகத் திரும்பாது.

இன்னும் புரை வராதவர்களும், ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களும் செய்யத்தக்கவை உண்டு. புகையிலையை எந்த வடிவிலும் விடுவது முதலாவது. விறகடுப்பு இருந்தால் புகை வெளியேற வழி செய்வது, இயன்றால் எரிவாயுவுக்கு மாறுவது. வயலிலும் கட்டட வேலையிலும் வெயிலில் நிற்பவர்கள் தலைப்பாகையோ அகன்ற விளிம்புத் தொப்பியோ அணிவது. சித்திரை வெயிலுக்கு மட்டுமின்றி ஆண்டு முழுதும் இது பொருந்தும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் என்று பெயர் தெரியாத பொட்டல மாத்திரைகளை மாதக்கணக்கில் உண்ணாமலிருப்பது. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அதுவும் புரையை விளைவிக்கும்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, வீட்டில் நீங்களும் உங்கள் பெரியவர்களும் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும், கடையில் நீங்களாக வாங்கிய வைட்டமின், லேகியம், பொடி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். மருந்துச் சீட்டு எழுதுமுன் அதை மருத்துவர் மேசைமேல் வையுங்கள். எதைத் தொடரலாம், எதை நிறுத்தலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வார்கள்.